டொக்குக் கல்

அத்தியாயம் 11

ஆக, சனிக்கிழமை வந்தே விட்டது.

பத்து வாரமாக இந்தக் குடும்பத்தோடு கூடவே நடந்து வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா அந்தப் பழைய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கடைத்தெருவில் கால் இடறி விழுந்தாள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை, கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. பெரியவன் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவைத் தன்னுடைய பதினாலாவது மாடி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். இனிமேல் அம்மா அங்கேதான், இந்த ஓட்டை உடைசலுக்கு ஒரு பூட்டு போதும் என்றான். தங்கைக்காரி குறுக்கே விழுந்து சண்டை போட்டாள். அம்மாவோ, “எனக்கு என் வீடு வேணும்” என்ற நாலு வார்த்தைக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது.

பெரியவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்த இடங்களைப் போய்ப் பார்த்து எழுதுகிறவன். குளியலறையில் வழுக்கியவர்கள், ஷாக் அடித்தவர்கள், மாடிப்படியில் உருண்டவர்கள் என்று இருபது வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவனுக்கு யாராவது விழுந்து கிடப்பதுதான் கண்ணில் தெரியும். பாவம், அவனையும் குற்றம் சொல்வதற்கில்லை. பழைய வீட்டைச் சுற்றி வந்து பதினேழு குறை எழுதித் தங்கையிடம் கொடுத்தான்.

“பத்து நாள் டைம். எல்லாத்தையும் சரி பண்ணு. சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரேன். கேட்லேர்ந்து அம்மா தானா உள்ள நடக்கணும், தானா டீ போடணும், தானா கொண்டாந்து நம்ம கையில குடுக்கணும். நீயும் கை குடுக்கக் கூடாது, நானும் கை குடுக்கக் கூடாது. ஒரு தப்பு நடந்தாலும் அம்மா என்கூட.”

“நடக்கலேன்னா?”

“அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன்.”

“அதை எழுதிக் குடு முதல்ல” என்றாள் சின்னவள்.

சின்னவளை உங்களுக்குத் தெரியும். வீட்டில் குட்டி. வயது நாற்பதைத் தொட்டாலும் குட்டிதான். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற வேலை. ஒரு அரிசி அளவு உயரம் கூடினாலும் வாய் மூடாது என்கிற தொழில் அது, ஆகவே கை நடுங்காது, கண் ஏமாறாது. பத்து நாள் லீவு போட்டாள். சமையலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசிய புருஷன், மூன்றாவது நாளே குக்கர் எப்படித் திறப்பது என்று போன் செய்தார். அதெல்லாம் பெரிய கதை, இப்போது வேண்டாம்.

பதினாலு குறை வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிட்டது. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, குளியலறையில் வழுக்காத விரிப்பு, மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, சமையலறைப் படிக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு கம்பி. சமையலறை அலமாரியைப் பார்த்துத்தான் அவளுக்கே தலை சுற்றியது. நெளிந்த பால் பவுடர் டின்னில் சர்க்கரை, மூடி துருப்பிடித்த பிஸ்கட் டின்னில் டீத்தூள், வாய் உடைந்த ஊறுகாய் ஜாடியில் உப்பு. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒரே உயரம் ஒரே நிறத்தில் பன்னிரண்டு வெள்ளை டப்பா வாங்கி அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் தன் முத்து முத்தான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். ஒட்டிவிட்டு ஐந்து நிமிஷம் தள்ளி நின்று அழகு பார்த்தாள். அந்தப் பெருமையை நாம் கெடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் பாக்கி இருந்தவை மூன்று. கதவு, குழாய், கல்.

*

மூன்றுமே அப்பாவின் கைவேலை.

அப்பா பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நட்டு, போல்ட், வாஷர் இவற்றோடு வாழ்ந்ததால் தனக்கு எல்லா ரிப்பேரும் தெரியும் என்று ஒரு நினைப்பு. “ஆளைக் கூப்பிட்டா ஆள்தான் வருவான், வேலை வராது” என்பார். ஞாயிற்றுக்கிழமை பழைய பனியனை மாட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு இறங்கினால், மாலைக்குள் ஒன்றைச் சரி செய்து இன்னொன்றைக் கெடுத்திருப்பார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அந்த வீட்டில் வாரா வாரம் நடக்கும். “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க. உங்கப்பாவுக்கு ஆயுதமெல்லாம் புல்லு” என்று அம்மா சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

முதலில் நடைக்கதவு. முன்னறையிலிருந்து உள்நடைக்குப் போகிற கதவு அது, தொங்கிப்போய்த் தரையில் உரசும். கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். அந்த வீட்டில் பிறந்த யாரையும் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம், எந்தக் கதவைத் திறந்தாலும் முழங்கால் தானாக முன்னால் வரும். சின்னவள் கல்யாணமாகிப் போன புதிதில், புகுந்த வீட்டுக் கண்ணாடிக் கதவை இடித்து வாங்கிக் கட்டிக்கொண்டது இப்போதும் அங்கே பேச்சு. கீலைக் கழற்றி, புது கீல் போட்டு, அடிப்பக்கத்தை இழைத்துவிட்டாள். விரலால் தொட்டதும் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

அடுத்தது சமையலறைத் தொட்டிக் குழாய். சொட்டு... சொட்டு... என்று எப்போதும் ஒழுகும். புது வாஷர் போட்டு இறுக்கினாள். பத்து நிமிஷ வேலை. சொட்டு நின்றதும் வீடே சட்டென்று மௌனமாகிவிட்ட மாதிரி இருந்தது, ஒரு நிமிஷம் என்னமோ போல் நின்றாள். அப்புறம் அடுத்த வேலைக்குப் போனாள்.

கடைசியாகக் கல். பதினேழாம் நம்பர் குறை.

உள்நடையின் முடிவில், சமையலறைக்கு இறங்குகிற படிக்குச் சரியாக ஒரு அடி முன்னால் இருக்கிற தரைக்கல் அது. மிதித்தால் ஆடும், ‘டொக்’ என்று சத்தம் போடும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் டொக்குக் கல். அப்பா எத்தனையோ தடவை ஒட்டிப் பார்த்தார், ஒரு மாதம் தாங்காது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து அவர் அதை மிதிப்பார், டொக். உள்ளே அம்மா தலையைத் திருப்பாமலே டீக்குத் தண்ணீர் வைப்பாள். அந்த ஒரு சத்தத்தோடு சின்னவளுக்கு அந்த நாட்களின் சாயங்காலம் மொத்தமும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுப் பாடம், அண்ணனோடு அடிதடி, டீ கொதிக்கிற வாசனை, ஒரு டம்ளர் டீயில் கடைசி ஒரு வாய் அண்ணனுக்கு. ஆமாம், அது அந்த வீட்டுச் சட்டம். அவன் டம்ளரைக் காலி செய்துவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பான், அவள் கடைசி வாயை விட்டு நீட்டுவாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஒரு தடவை ஒட்டினாரே, அது மட்டும் எப்படியோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பத்து வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லை. அப்பாவின் கடைசி வருஷத்தில் மறுபடி ஆட ஆரம்பித்தது. நடுவில் சரியாகியிருந்த கதவு மறுபடி தொங்கியதும், குழாய் ஒழுக ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். அப்பாவுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

“ஏம்ப்பா, நான் இப்படிப் பல் செட் பொருத்தினா, போட்டுக்கிட்டவங்க பேசறப்ப எல்லாம் டொக்கு டொக்குன்னு தாளம் கேட்கும்” என்று அவள் கேலி பண்ணினாள்.

“கேக்கட்டுமே” என்று அப்பா சிரித்தார். அவ்வளவுதான் சொன்னார்.

உளியை ஓரத்தில் கொடுத்து நெம்பியதும் கல் கையோடு வந்துவிட்டது. கீழே பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மூலையில், சதுரமாக வெட்டிய சைக்கிள் டியூப் துண்டு. அதன்மேல் நசுக்கிய சோடா மூடி ஒன்று, பசை போட்டு ஒட்டியிருந்தது.

“அப்பா, அஸ்திவாரமே சோடா மூடியா! நீ இருக்கியே!” என்று தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண் கலங்கியது. மூடியையும் டியூப்பையும் பிய்த்தெடுத்துச் சிமென்ட் குப்பை வாளியில் போட்டாள். பழைய சாந்தைச் சுரண்டி, புதிதாகக் குழைத்து, கல்லை வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் வந்து நின்றது. மெல்ல ஏறி நின்று பார்த்தாள். சத்தமே இல்லை.

பதினேழும் முடிந்தது. மணி ஒன்றரை. அம்மா இனி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

*

நாலு மணிக்குக் கார் வந்து நின்றது.

அம்மா இறங்கினாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, எந்த நம்பரையும் பார்க்காமலே கை போன இடத்தில் சொருகுவாளாம். இப்போதும் நிமிர்ந்த முதுகு. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு பேச்சைக் கேட்கிற பழக்கமும் அப்படியே.

“குட்டி எங்கே?”

“இதோ எதிர்லயே நிக்கறேன்மா.”

“தெரியுது தெரியுது. இளைச்சுட்டியே” என்றாள் அம்மா. அவள் எப்போதும் சொல்வதுதான்.

பெரியவன் கையில் குறைப் பட்டியல். “அம்மா, ஞாபகம் இருக்கில்ல? நாங்க தொட மாட்டோம்.”

“டேய், நான் உன்னை இடுப்புல தூக்கிட்டு நடந்த வீடுடா இது” என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள்.

முன்னறையைத் தாண்டியாயிற்று. நடைக்கதவு வந்தது. அம்மா கைப்பிடியை மேலே தூக்கினாள், முழங்காலால் இடித்தாள். இடிக்க அங்கே என்ன இருக்கிறது? கதவு பறந்து போய்ச் சுவரில் மோதியது. அம்மா அதன் பின்னாலேயே ஒரு எட்டு ஓடி நின்றாள்.

“புது கீல்மா! தூக்க வேணாம்” என்றாள் சின்னவள், வாயெல்லாம் பல்லாக.

“ஓ” என்றாள் அம்மா.

உள்நடையில் அம்மா சீராக நடந்தாள். அண்ணனும் தங்கையும் பின்னால். பெரியவன் அண்ணாந்து கூரையில் ஒழுகல் கறை போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தான். சின்னவள் அம்மாவின் காலையே பார்த்தாள். கால் புதுசாக ஒட்டிய கல்லை மிதித்தது. அடுத்த அடியையும் அதே மாதிரி எடுத்து வைத்தது. அங்கே தரை இல்லை, படி இறங்கியது.

அம்மாவின் உடம்பு முன்னால் போயிற்று. கை காற்றில் துழாவி, சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

சின்னவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“என்னம்மா?” பெரியவன் தலையை இறக்கினான்.

“ஒண்ணுமில்லடா. புது வீடாட்டம் இருக்கே, பாத்துக்கிட்டே வந்துட்டேன்.”

அவன் பட்டியலைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான். தடுமாற்றத்தை அவன் பார்க்கவில்லை. சின்னவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சமையலறையில் அம்மா நடுவில் போய் நின்றாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற மாதிரி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

“என்னம்மா யோசனை?”

“இல்ல... அமைதியா இருக்கு.”

அப்புறம் வேலையைத் தொடங்கினாள். கை தொட்டியின் விளிம்பைத் தடவிக் குழாயைப் பிடித்தது. அடுப்பு பற்றியது, பால் கொதித்தது. அலமாரியில் ஒரு டப்பாவைத் திறந்து மூக்குக்கு அருகில் கொண்டு போனாள், மூடினாள். இன்னொன்று. அதில் டீத்தூள் இருந்தது. பெரியவன் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி நின்றான்.

மூன்று டம்ளர் டீ முன்னறைக்கு வந்து சேர்ந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“பெரியவனே, இது உனக்கு. சர்க்கரை போடலை.”

சர்க்கரை வியாதி வந்த நாளாக அவனுக்கு வெறும் டீதான். ஊதி ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“அம்மா டீ அம்மா டீதான்” என்றான். அவன் குரலே இறங்கிவிட்டது. “குட்டி, நீ ஜெயிச்சுட்டே.”

சின்னவள் சிரித்துக்கொண்டே தன் டம்ளரை வாயில் வைத்தாள்.

உப்பு!

இரண்டு ஸ்பூன் உப்பு. நாக்கு சுருண்டுகொண்டது. துப்பப் போனவள், அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே விழுங்கினாள்.

அம்மாவும் தன் டம்ளரை ஒரு வாய் குடித்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. மெதுவாகச் சின்னவள் பக்கம் திரும்பினாள். ஆனால் அவள் பார்வை சின்னவள் மேல் விழவில்லை, ஒரு சாண் தள்ளிச் சுவரில் விழுந்தது.

சின்னவள் ஒரு காரியம் செய்தாள். சின்ன வயசில் சாப்பிடும்போது செய்து உதை வாங்குவாளே, அதே மாதிரி நாக்கைத் துருத்திக் கண்ணை உருட்டி அம்மாவுக்குப் பழிப்புக் காட்டினாள்.

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“என்னடி குட்டி, நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்டாள், பயந்து பயந்து.

“ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றாள் சின்னவள். மடக் மடக்கென்று குடித்தாள். குமட்டிக்கொண்டு வந்ததை அடக்கிக்கொண்டு குடித்து, டம்ளரை ஸ்டூலில் வைத்தாள்.

“மாடித் தொட்டி மூடி மட்டும் பாத்துட்டு வந்துடறேன். ஒன்பதாம் நம்பர்” என்று பெரியவன் எழுந்து போனான். ஜெயித்தது தங்கை என்று ஒத்துக்கொண்ட பிறகும் பட்டியலை முடிக்காமல் அவனால் இருக்க முடியாது.

*

மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் அடங்கியதும் சின்னவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளாம்மா?”

“அஞ்சு வருஷம் இருக்கும்.”

“எவ்வளவு தெரியுது?”

“வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கறது நிழலாட்டம் தெரியும். எழுத்து தெரியாது, படி தெரியாது.” அம்மா முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். “கண்ணு நரம்பு. போனது வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. சொட்டு மருந்து விடாம போட்டுக்கறேன்.”

“கண் வறட்சிக்குன்னு சொன்னியே!”

“சொன்னேன்.”

“ஏம்மா மறைச்சே?”

“சொல்லியிருந்தா அஞ்சு வருஷம் முன்னாடியே பதினாலாவது மாடி.” அம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. “அவனும் மருமகளும் தங்கமாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா அங்க எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலடி. பாத்ரூமுக்குப் போகக்கூட அவளைக் கூப்பிட்டேன். இங்க நான் யாரையும் கூப்பிட்டதில்ல. கதவைத் தூக்கினா நடை ஆரம்பம். டொக்குன்னா அடுத்தது படி. குழாய் சொட்டற பக்கம் தொட்டி. நெளிஞ்ச டின்னு சர்க்கரை, உடைஞ்ச ஜாடி உப்பு. இன்னிக்கு டீத்தூளை மோந்து பாத்துக் கண்டுபிடிச்சேன். உப்புக்கும் சர்க்கரைக்கும் ஏது வாசனை? நாக்குல வெச்சுப் பாத்திருப்பேன், அவன் வாசப்படியில நின்னான்.”

சின்னவளுக்குத் தன் முத்து முத்தான கையெழுத்தை நினைத்தால் அவமானமாக இருந்தது. எல்லாவற்றையும் சரி செய்கிறேன் என்று அம்மாவின் கண்ணையே பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

“தானா கெட்டுப் போனதெல்லாம் உனக்கு வழிகாட்டிச்சா?”

“தானா எங்கடி கெட்டுது?” என்றாள் அம்மா. “எனக்குக் கண்ணு மங்குதுன்னு தெரிஞ்சது உங்கப்பா ஒருத்தருக்குத்தான். கடைசி ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொண்ணா பண்ணாரு. கீலைத் தளத்தினாரு. வாஷரைச் சீவிப் போட்டாரு. அந்தக் கல்லை அவரே பேத்து, அடியில என்னத்தையோ வெச்சு, என்னை நடக்க விட்டு, ‘கேக்குதா? கேக்குதா?’ன்னு பத்துத் தடவை கேட்டாரு. நீங்க அவருக்குக் கை தளந்துடுச்சுன்னு சிரிச்சீங்க. சொல்லிடுங்களேன்னேன். ‘சிரிக்கட்டும், அவங்களுக்குத் தெரிஞ்சா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க’ன்னாரு.”

கேக்கட்டுமே என்று அவர் சிரித்த சிரிப்பு சின்னவளின் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவை எவ்வளவு கேலி பண்ணியிருக்கிறாள்! அந்த வீட்டில் அவர் செய்த வேலைகளிலேயே ஒரு பிசகும் இல்லாத வேலை அதுதான்.

பிறகு சட்டென்று எழுந்தாள். ஒன்றரை மணிக்கு வைத்த சாந்து. நாளைக்கு என்றால் இறுகிவிடும், இப்போதென்றால் வந்துவிடும்.

“எங்கடி ஓடறே?”

“நீ போய் டீப் பாத்திரத்தைக் கழுவும்மா. பழைய டின்னு எல்லாம் கொல்லைப் பக்கம் மூட்டையாத்தான் இருக்கு. கொண்டாந்துடறேன்.”

சிமென்ட் குப்பை வாளியைத் தரையில் கவிழ்த்தாள். விரலால் கிளறினாள். முதலில் டியூப் துண்டு கிடைத்தது. ரொம்பத் தேடி, சாந்துக் கட்டி ஒன்றுக்குள் சோடா மூடி கிடைத்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். உளியைக் கொடுத்து நெம்பினாள். தன் கையால் ரசமட்டம் வைத்து ஒட்டிய கல்லைத் தன் கையாலேயே பெயர்த்தாள். ஈரச் சாந்தை ஒரு மூலையில் வழித்துவிட்டு, டியூப்பை வைத்து, மூடியை வைத்து, கல்லை மேலே இருத்தினாள். முதலில் சத்தம் வரவில்லை. மூடியை ஒரு விரல் அளவு உள்ளே தள்ளினாள். இன்னும் கொஞ்சம் சாந்தை எடுத்தாள். அப்பா எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது மறுபடி கண் மறைத்தது.

எழுந்து மிதித்தாள்.

டொக்.

“ம்! அதான்!” சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பழைய நாட்களில் டீக்குத் தண்ணீர் வைக்கிறபோது இருக்குமே, அதே குரல். சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் பிதுங்கிய சாந்தை வழிக்க மறுபடி மண்டியிட்டாள்.

டொக்.

நிமிர்ந்தாள். பெரியவன் கல்லின் மேல் நின்றிருந்தான்.

“என்ன பெரியவனே, மாடியெல்லாம் பாத்தாச்சா?” என்றாள் அம்மா, திரும்பாமலே.

கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்தான். தங்கையின் சிமென்ட் படிந்த கையைப் பார்த்தான். அவன் கையில் ஒரு காலி டம்ளர் இருந்தது. அது அவனுடைய டம்ளர் இல்லை.

சின்னவளுக்கு அது தன் டம்ளர் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் குடித்தேனே என்று நினைத்தாள். எல்லாவற்றையும் குடிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டது. அவனும் ஆள் பார்க்காத நேரம், தித்திப்புக்கு ஏங்கிப்போய், தானாகவே எடுத்துக் குடித்துவிட்டான்.

“கடைசி வாய் எனக்குன்னு வெச்சிருந்தே. குடிச்சேன்” என்றான் பெரியவன். ரொம்ப மெல்லிய குரலில் சொன்னான். “குட்டி, அம்மா கண்ணுக்கு என்ன?”

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.